பொட்டு வைத்த பாட்டுப் பெட்டி

அம்மாவின் பழைய டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்துபோனது. சரிசெய்து கொடுக்க ஊரில் இப்போது ஆள் இல்லை. செல்போனில் கேட்கலாம் என்றால், கந்த சஷ்டி கவசம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் வரும். இல்லாவிட்டால் யாராவது அழைப்பார்கள். அதனால்தான் சென்னையில் இருக்கும் மகன், 2,000 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் உள்ளங்கை அளவு எம்பி3 பிளேயர் ஒன்றை வாங்கினார்.

தொல்லை அன்றைக்கே ஆரம்பித்தது. 64 ஜிபி மெமரி கார்டைப் போட்டால், கார்டே இல்லை என்றது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் ஃபார்மட் ஆகி வரும். இந்த பிளேயருக்கோ பழைய ‘ஃபேட்32’ மட்டும்தான் தெரியும். வேறு கார்டு வாங்கினார். அடுத்து, தமிழில் இருந்த பாட்டுப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. வரிசையும் தாறுமாறு. கார்டில் எது முதலில் ஏறியதோ, அதுதான் முதலில் பாடும். ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து, 300 பாட்டுகளுக்கும் எண் போட்டு, வரிசையாக ஏற்றி ஊருக்கு அனுப்பினார்.

“எப்படிம்மா இருக்கு?”

“ஜம்முனு பாடுதுப்பா.”

பொங்கலுக்குப் போனபோது பிளேயர் பீரோவுக்குள், டப்பாவிலேயே இருந்தது. கேட்டதும் அம்மா தயங்கினார்.

“ஒவ்வொரு தடவை அணைச்சுப் போட்டாலும் முதல் பாட்டுக்கே போயிடுதுப்பா. பட்டன் எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கு. சத்தத்தைக் கூட்டப் போனா அடுத்த பாட்டு வந்துடுது. நீ தூக்கம் முழிச்சு ஏத்தினது... எப்படிச் சொல்ல?”

வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டார். “விட்ட இடத்திலிருந்து பாடும் வசதி இந்த மாடலில் இல்லை சார். திருப்பி அனுப்பும் 7 நாளும் முடிந்துவிட்டது.” அவ்வளவுதான் பதில்.

கோபம் கம்பெனி மேல் மட்டும் இல்லை. விலையையும் ஜிபியையும் பார்த்தவர், அம்மாவின் விரலையும் கண்ணையும் யோசிக்கவில்லை.

அன்று மாலை 300 பாட்டுகளையும் அழித்துவிட்டு, அம்மாவிடமே கேட்டுக் கேட்டு 20 பாட்டு மட்டும் ஏற்றினார். முதல் பாட்டு, கவசம். இனி முதலிலிருந்து ஆரம்பித்தாலும் நஷ்டமில்லை. அம்மா கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, பாட வைக்கும் பட்டன் மேல் ஒட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் அடுப்படியிலிருந்து கவசம் கேட்டது. அவர் எழுந்திருக்காமல், படுத்தபடியே கடைசிவரை கேட்டார்.