மிதக்கலாம், மிதப்பு வேண்டாம்

சாக்கடலில் மூழ்குவது கடினம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

இஸ்ரேல், மேற்குக் கரை, ஜோர்டான் ஆகியவற்றுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கும் ஏரி இது. சாதாரணக் கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், இங்கே ஏறக்குறைய 34.

நீச்சல் தெரிந்தவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். குப்புறப் படுத்தால் கால்கள் மேலே எழும்பிவிடும். தலையைத் தூக்கிப் புரள்வது லேசல்ல. முழங்கால் ஆழம் வந்ததும் நாற்காலியில் உட்காருவதுபோலப் பின்னால் சாயுங்கள். எழும்போது முழங்கால்களை மார்போடு மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். நீரை அடித்துத் தெறிக்கவிடாதீர்கள். கண்ணில் ஒரு துளி பட்டாலும் துடித்துப்போவீர்கள். விழுங்கிவிட்டாலோ உடனே காவலரிடம் சொல்லுங்கள். மருத்துவ உதவி தேவைப்படலாம்.

முதல் நாள் சவரம் வேண்டாம். சிறு கீறல்கூட எரியும். வெள்ளி நகைகளைக் கழற்றிவிடுங்கள். உப்புக்கட்டி காலைக் கிழிக்கும் என்பதால் ரப்பர் செருப்பு அவசியம். 15 நிமிடம் போதும். பிறகு நல்ல தண்ணீரில் குளியுங்கள்.

காவலர் உள்ள கரையில் மட்டுமே இறங்க வேண்டும். ஜோர்டான் நதி நீர் திருப்பப்பட்டதாலும் தாது ஆலைகள் நீரை இறைப்பதாலும் ஏரி ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்கிறது. நீர் பின்வாங்கிய இடத்தில் நிலத்தடி நன்னீர் புகுந்து உப்புப் படிவைக் கரைக்க, தரை திடீரென உள்வாங்குகிறது. எய்ன் கெதியின் பொதுக் கடற்கரை 2015இல் இப்படித்தான் மூடப்பட்டது. பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் அது இன்னும் குளிக்கும் இடம்தான்.