மூன்று புரி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கடந்தபின், பட்டுக்கோட்டையில் எங்கள் கொல்லையில் நின்றிருந்த தென்னைகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதுமாயிருந்தன. விழுந்தவற்றை ஒதுக்கும்போது அம்மாவின் உள்ளங்காலில் தகரத்து ஆணி ஏறியது. ஏறியது அவருக்குத் தெரியவில்லை. 18 வருடச் சர்க்கரை நோய் பாதங்களின் உணர்வை எப்போதோ கொண்டுபோயிருந்தது. கூடத்துத் தரையில் இரத்தச் சுவடுகளைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

புண் ஒரு மாதம் கடந்தும் ஆறவில்லை. இத்தகைய புண்ணில் சில நொதிகள் அளவுமீறிப் பெருகி, உடல் புதிதாக நெய்யும் இழைகளை நெய்ய நெய்யத் தின்றுவிடும் என்றார் மருத்துவர். அழுகிய சதையை நீக்கிவிட்டுத் தாள் போன்ற வெண்ணிறத் தகடு ஒன்றைப் புண்ணின்மேல் பரப்பினார். கொலாஜன். கொத்தனார்கள் கட்டும் சாரத்தைப் போன்றது; செல்கள் இதைப் பற்றிக்கொண்டு ஏறித் தமது இழையை நெய்துகொள்ளும், நொதிகள் அந்த இழையை விட்டு இதைத் தின்னும், வேலை முடியும்போது சாரம் இருக்காது. எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று வெளியே வந்து கேட்டேன். சிலவற்றை மீனிலிருந்து எடுப்பார்களாம். இது மாட்டுத் தோல்.

அம்மாவிடம் சொல்லவில்லை. விடிந்ததும் பசு லட்சுமியின் முகத்தில் விழித்த பிறகே காப்பி குடிப்பவர் அவர்.

அன்றிரவு கொலாஜனைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் வடிவம் அவிழ்ந்தது நம் சென்னையில் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், அங்கே வருகை தந்த ஆங்கில அறிவியலாளர் பெர்னல் இந்தப் புதிரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே அடையாற்றில் இருந்தது. அதன் வழியாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ்-கதிரில் ஆராய்ந்து, 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று சங்கிலிகள் கொண்ட அமைப்பை முன்வைத்தார்கள். மறு ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாகக் காட்டினார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கப் படம் வேண்டாம். ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின், அமினோ அமிலங்களில் ஆகச் சிறியது. புரிகள் நெருங்கும் நடுவில் அதற்கு மட்டுமே இடமுண்டு.

1981இல் அமெரிக்காவில் பர்க்கும் யானஸும் மாட்டுத் தோல் கொலாஜனோடு சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்துத் தீக்காயத்துக்கான செயற்கைத் தோல் செய்ததையும் அன்றுதான் படித்தேன்.

இதற்கிடையில் சிங்கப்பூரிலிருக்கும் தம்பி, ஸ்டெம் செல் ஊசி போடும் ஏதோ மருத்துவமனையின் விளம்பரத்தை அனுப்பி, நிலத்தை விற்றாவது அழைத்துப் போ என்றான். மருத்துவர் தடுத்தார். இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்றதெல்லாம் பரிசோதனைதான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. பரிசோதனைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்கிறோம். தென்னைக்கு ஒரே குருத்து, அது முறிந்தால் மரம் முடிந்தது. தோலின் அடியடுக்கிலோ எண்ணற்ற குருத்துகள். புண்ணின் விளிம்பிலிருந்து அவைதான் ஊர்ந்து வர வேண்டும். ஊர்ந்து வரத் தரை வேண்டும்.

மாட்டுப் பொங்கலுக்குள் புண் ஓரங்களில் இளஞ்சிவப்பாகக் கூடியிருந்தது. கட்டுப்போட்ட காலோடு தொழுவத்துக்குப் போக வேண்டுமென்று அம்மா பிடிவாதம் பிடித்தார். நாற்காலியோடு தூக்கிச் சென்றோம். லட்சுமியின் நெற்றியில் அவர் குங்குமம் வைக்கையில் என்னால் பார்க்க முடியவில்லை. இரவு சொல்லிவிட்டேன்.

அம்மா வெகுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோல் செருப்பப் போட்டுக்கிட்டுத்தானப்பா இத்தன வருசம் நடந்தேன்" என்றார். பிறகு, "லட்சுமிகிட்ட மட்டும் சொல்லிடாத."

மறுவாரம் மருத்துவர் இன்னொரு தகடு வைத்தார். மார்ச்சில் புண் மூடிக்கொண்டது.