'பிலிதி' என்றால் விலை ஏறும்

கொல்கத்தாவில் பழைய ராலே சைக்கிள் விலைக்கு வந்தால், விற்பவர் முதலில் வீசும் சொல் 'பிலிதி'. சீமைச் சரக்காம். அதற்காகவே விலையை ஏற்றுவார். வங்கத்தின் ஆசன்சோலிலேயே சென்-ராலே ஆலை இருந்ததை அவர் சொல்லமாட்டார். 1980-ல் நாட்டுடைமையாகிப் பின்னர் மூடப்பட்ட ஆலை அது.

பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். உலோகத்திலேயே ஆண்டு பொறித்திருக்கும். 52 என்றால் 1952. ஆனால் அது ஹப்பின் வயதுதான். வண்டி பிறந்த ஊரை அது சொல்லாது.

ஊருக்காக எதற்குக் கூடுதல் பணம்? நாட்டிங்ஹாம் ராலேயில் பெடல் அச்சு ஓடும் கப்பின் மரை அங்குலத்துக்கு 26. வழக்கமான 24 மரை கப் அதில் ஏறாது. அங்கே ஆட்டம் இருந்தால் சீமை வண்டிக்குத்தான் விலையைக் குறைக்க வேண்டும். பளபளக்கும் புதுப் பெயின்ட்டும் சந்தேகத்துக்குரியதே. அடியில் விரிசல் ஒளிந்திருக்கலாம். தேய்ந்த டயரைக் காட்டிப் பேரம் பேசுவது மட்டும் அல்பத்தனம். 28 அங்குல டயர் பெண்டிங்க் தெருக் கடைகளில் கேட்டாலே கிடைக்கும்.

விற்பவர் வியாபாரி அல்ல, இறந்துபோனவரின் குடும்பம் என்றால் கணக்கே வேறு. அவர்களுக்குத் தெரிந்தது காயலான் கடையின் எடை விலைதான். ப்ரூக்ஸ் தோல் ஸீட் நல்ல நிலையில் இருந்தால், அதைத் தனியாக விற்றாலே அதைவிட அதிகம் கிடைக்கும். இதைச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள்.