ஒரு திர்ஹாம் படகு

துபாயில் ஒரு திர்ஹாமுக்கு இன்னும் ஒரு பயணம் கிடைக்கிறது. பர் துபாயிலிருந்து தேராவுக்கு க்ரீக்கைக் கடக்கும் அப்ரா. மரப்படகு, முதுகோடு முதுகாக உட்காரும் பலகை, இருபது பேர், சில நிமிஷம். சில்லறையைப் படகோட்டி கையில் கொடுத்தால் போதும்.

வேலை போன மூன்று மாதமும் நான் தினம் போன இடம் இதுதான். ஊரில் வேலை போனால் சம்பளம் போகும். இங்கே விசா, வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாமே அந்த ஒரே கயிற்றில் தொங்குகின்றன. வீட்டிலேயே இருந்தால் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே கவலையைக் கூட்டிக்கொள்வோம். அதனால் காலையில் இரண்டு மணி நேரம் விண்ணப்பங்கள். பிறகு மீனா பஜார் வழியாக நடை, அப்ரா, அக்கரையில் மசாலா சூக், ஒரு கரக் டீ.

டீக்கடையில் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் ஒருநாள் கேட்டார்.

"என்ன தம்பி, தினம் வர்றீங்க, லீவா?"

"வேலை போயிருச்சுண்ணே."

"2009-ல எனக்கும் போச்சு. இதே கரையிலதான் உக்காந்திருந்தேன். புள்ளைங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை அப்ராவில் கூட்டிப்போனேன். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும் மரக்கப்பல்களில் ஃபிரிட்ஜும் டயரும் ஏறுவதைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்பா," என்றாள் பெரியவள். "கிச்சன்ல நீங்க ரெண்டு பேரும் மெதுவா பேசும்போதே தெரியும். ஊருக்குப் போனா பூனையை என்ன பண்றது?"

பத்து நாளாக அவள் மனதில் இருந்தது பள்ளிக்கூடம் இல்லை, பூனை. பிள்ளைகளின் பயம் நாம் நினைக்கும் இடத்தில் இருப்பதில்லை. வாய்விட்டுப் பேசினால்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். பூனையும் கூடவே வரும் என்றேன். அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். நானும்தான்.

கணக்கு தெளிவானால் மனசும் கொஞ்சம் இறங்கும். 2023 ஜனவரியில் அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு வந்தது. தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, ஒரு உச்சவரம்புக்குள், அதிகபட்சம் 3 மாதம் கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா செய்தவர்களுக்குக் கிடையாது. யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்று தோன்றினால், இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவுக்கு 80046342 என்ற இலவச எண் இருக்கிறது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால் டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

குளிர்காலத்தில் க்ரீக் கரையில் எந்நேரமும் நடக்கலாம். வெயில் காலம் என்றால் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.