கைராசியா? கற்ற கையா?

‘கைராசிக்காரர்’ என்று ஒரு மருத்துவரைப் புகழ்கிறது எங்கள் வேளச்சேரி. நோயைத் தீர்த்தது ராசியா? எவரோ ஆராய்ந்தார், அவருக்கு எவரோ கற்பித்தார், இருவருக்கும் எவரோ படியளந்தார். நோய் தீர்ந்தது!

சான்று சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடிக் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்றைக் கண்டன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் வழிகாட்ட, நம் மருத்துவர்கள் ஆய்வுமுறை பயின்றனர். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு வீட்டிலும் ஓராண்டு மருந்தளித்தனர். 1959-இல் முடிவு வந்தது: வீட்டு மருத்துவமும் ஏறத்தாழ அதே பலன் தந்தது, குடும்பத்தாருக்குத் தொற்றும் கூடவில்லை. முன்வினை என்று முடங்கிய ஏழைக்குக் கட்டில் கிடைக்காமலே வாழ்வு கிடைத்தது!

என் பள்ளித் தோழன் ஒருவன் இன்று மருத்துவன். ஆராயும் வேட்கை அவனுக்குண்டு. ஆனால், தந்தையின் கடன் அவனை இரவுப் பணிக்கு இழுக்கிறது. மருத்துவ மாணவர்க்கு இரண்டு மாத ஆய்வு உதவித்தொகையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் வழங்குகிறது. நன்று, ஆனால், இரண்டு மாதத்தில் முளைத்த வேட்கை பட்டம் பெற்றபின் பட்டினியால் சாகலாமா?

இளம் மருத்துவருக்குச் சில ஆண்டு ஊதியம் வேண்டும். ஆய்வுக்கென ஒதுக்கிய நேரம் வேண்டும். பிழை கண்டு திருத்தும் ஆசான் வேண்டும். இவையின்றேல் ஆராய்ச்சி செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாகும். ஏழையின் நோய் ஆராய்வாரின்றிக் கிடக்கும்.

தோழர்களே, ராசியான கையைத் தேடியது போதும். கற்ற கைகளை உருவாக்கக் கேளுங்கள்!