உறக்கத்திற்கு மாற்று உண்டா?



எங்கள் இளைய மகனுக்கு ஏழு மாதங்கள். நாங்கள் இருவரும் மத்ரஸாவில் பாடம் நடத்துகிறோம். இரவெல்லாம் விழித்திருந்து, யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு விளக்க ஓர் உவமைகூடத் தோன்றாமல் தடுமாறினோம்.

சிந்தனையைத் தூண்டும் என்ற விளம்பரத்தை நம்பி மீனெண்ணெய் மாத்திரை வாங்கினோம். உறையிலுள்ள ஜெலட்டின் எந்தப் பிராணியுடையது என்ற குறிப்பு இல்லை. ஐயத்திற்குரியதை விட்டுவிட்டுத் தேநீரைக் கூட்டினோம். (ஊதியத்தில் ஒரு பகுதி வீணானது தனிக்கதை.) காஃபீன் களைப்பை மறைக்குமேயன்றி, இழந்த உறக்கத்தை ஈடுசெய்யாது, அதில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும். தாய்ப்பாலிலும் சிறிது கலக்கும். அஸருக்குப் பின் அருந்திய தேநீர், குழந்தை உறங்கிய பின்னும் எங்களை உறங்கவிடவில்லை.

இப்பொழுது லுஹருக்குப் பின் கைலூலா. ஒருவர் குழந்தையை ஏந்த, மற்றவர் 20 நிமிடம் கண்ணயர்கிறோம். பகல் உறக்கத்தையும் அல்லாஹ்வின் அத்தாட்சியாகச் சொல்லும் ரூம் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை எத்தனை முறை ஓதிக்கொடுத்திருப்போம்!

சென்ற வாரம் பிள்ளைகளைக் கண்மூடச் சொல்லி, “கிணற்றுக்குள் இருக்கிறீர்கள், என்ன கேட்கிறது?” என்று வினவத் தோன்றியது. ஒரு சிறுமி சொன்னாள்: “வாளி இறங்குகிற சத்தம், உஸ்தாத்.”