பழந்தாளும் புதுக்கதையும்

"நீ தமிழில் எழுதியவற்றுள் முதன்முதல் பணம் ஈட்டித் தந்தது எது?" என்று விடுதி நண்பர் ஒருவர் சென்ற பருவத்தில் என்னை வினவினார். இதழ்களுக்குக் கவிதை விடுக்கும் வழக்கமுடையவர் அவர். ஆதலின் அவ்வாறு கேட்டார். யான் விடை கூறாது சிரித்து நழுவிவிட்டேன். விடை இல்லாமலில்லை. அதனைச் சொல்ல நாணம் தடுத்தது. யான் எழுதிய ஒரே பக்கத்திற்கு ஒன்பதாயிரம் ரூபாய் கிடைத்தது. பெற்றவர் என் சித்தப்பா. கொடுத்தவர் எழுபது வயது கடந்த ஒரு முதியவர். அந்தப் பக்கம் முழுவதும் பொய்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் நடுவிலுள்ள ஒரு சிற்றூர். மானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தியும் கம்பும் உளுந்தும் உண்டு. பெய்யாவிடில் தீப்பெட்டி ஆபீசும் கடனும் உண்டு. சித்தப்பா ஊர் முக்கில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருக்கின்றார். ஈராண்டு மழை பொய்த்தமையால் கடையில் சரக்குக் குறைந்து பற்றுவரவு ஏடு மட்டும் பருத்திருந்த காலம் அது. யான் மேனிலைப் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சரக்கெடுக்கக் கோவில்பட்டிக்குச் சென்றவர் சரக்கின்றித் திரும்பினார். மடியிலிருந்து எடுத்துக் காட்டியது, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் பொறித்த ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்று. தேநீர்க் கடையில் அறிமுகமான தரகர் ஒருவரிடம் ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினாராம். பழம்பொருள் சேர்ப்போர் இலட்சக்கணக்கில் தருவர் என்று தரகர் சொன்னாராம்.

இலட்சம் தருவார் ஒருவரும் வந்திலர். திங்கள் இரண்டு கடந்தபின் சித்தப்பா என்னை அழைத்து, "ஏலே, நீதான் தமிழ் நல்லா எழுதுவியே. இது எப்படி நம்ம கைக்கு வந்துதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. ஜமீன் வீட்டுப் பெட்டியில கெடந்துதுன்னு தரகன் சொன்னான். அத எல்லாரும் சொல்லுதாங்க; எவனும் நம்ப மாட்டேங்கான்" என்றார்.

யான் எழுதினேன். எவ்வளவு மகிழ்வோடு எழுதினேன் என்பதை இப்பொழுது நினைக்கவும் கூசுகின்றது. எங்கள் கொள்ளுப்பாட்டனார் மலாய்நாட்டு ரப்பர்த் தோட்டத்தில் பன்னீராண்டு உழைத்தார். துரையின் குழந்தையை வெள்ளத்தினின்றும் மீட்டார். 1937ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பியபோது துரை கண்ணீர் மல்க இத்தாளைக் கையில் வைத்து அனுப்பினார். பாட்டனார் அதனை மாற்ற மனமின்றிப் பனையோலைப் பெட்டியிலிட்டுக் கம்பங் குலுக்கையின் அடியில் புதைத்தார். இப்பொழுது பேத்தியின் திருமணச் செலவுக்காகக் குடும்பத்தார் மனமுடைந்து விற்கின்றனர். இவ்வாறு எழுதித் தாளின் வரிசையெண்ணையும் எழுத்தால் எழுதி, "நடுவே ஓடும் வெள்ளிக் கோடு இதன் மெய்ம்மைக்குச் சான்று" என்றும் முடித்தேன். உண்மையில் எங்கள் கொள்ளுப்பாட்டனார் சாத்தூருக்கு அப்பால் சென்றதில்லை.

இத்தகைய கதைகள் எதற்காகப் பிறக்கின்றன என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அரிய பொருள் ஏழையின் கையில் இருப்பது முதல் ஐயம். அதனை அவன் மலிவாய் விற்பது அதனினும் பெரிய ஐயம். துரையும் குலுக்கையும் முதல் ஐயத்தை ஆற்றும். பேத்தியின் திருமணம் இரண்டாவதை ஆற்றும். திருமண நாள் நெருங்குகின்றது என்று சேர்த்துவிட்டால், யாரையும் கேட்டறிய வாங்குவோனுக்குப் பொழுதும் இராது. தாளைப் பார்க்க வேண்டிய கண்ணில் நீரை வரவழைத்துவிட்டால் அக்கண் தாளைப் பாராது. யான் இவற்றையெல்லாம் ஆய்ந்து எழுதினேனல்லேன். கதை தானே அவ்வழியில் ஓடிற்று.

கழுகுமலைப் பக்கத்து ஊரொன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். சித்தப்பா கொடுத்த பக்கத்தை இருமுறை படித்தாராம். "எழுதியவர் யார்? நடை நன்றாயிருக்கிறது" என்று கேட்டாராம். பேரம் பேசாது ஒன்பதாயிரம் எண்ணி வைத்துத் தாளோடு அப்பக்கத்தையும் கேட்டு வாங்கிச் சென்றார். சித்தப்பா எனக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அதைக்கொண்டு யான் ஓர் அகராதி வாங்கினேன். இக்கட்டுரை எழுதும்போதும் அது என் மேசைமேல் இருக்கின்றது.

ஈஸ்டர் கழிந்தபின் சித்தப்பா அதே தரகரிடம் இன்னொரு தாள் வாங்கி வந்தார். இம்முறை வேறொரு கதை வேண்டுமென்றார். பழைய கதை மீண்டும் வந்துவிடலாகாதே என்று என் குறிப்பேட்டிலிருந்த முதற்படியைப் புரட்டினேன். எழுத்தால் எழுதிய எண் அங்கே இருந்தது. புதிய தாளை நோக்கினேன். அதே எண். ஓர் இலக்கமும் மாறவில்லை. இரண்டு தாளுக்கு ஒரே எழுத்தும் எண்ணும் இருத்தல் கூடாது என்பதைச் சிறுவரும் அறிவர்.

சித்தப்பாவிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் வாய்திறந்திலர். பின்பு மெல்ல, "நம்பர எழுதாம விட்டுருலே" என்றார். ஞாயிறுதோறும் கோயிலில் காணிக்கைப் பை ஏந்தி வருபவர் அவர். ஏமாந்த ஆறாயிரத்தை மீட்க வேண்டுமென்னும் ஆத்திரத்தில், ஏமாற்றியவனின் இடத்தில் தாம் வந்து நிற்பதை அறியாதிருந்தார். கள்ளத் தாள்கள் ஊர் விட்டு ஊர் செல்வது பெரிதும் இவ்வாறே போலும். அச்சடித்தவன் ஒருவன், அவனிடமிருந்து முதலில் வாங்கியவன் ஏமாளி, தெரிந்தபின்னும் அதனை இன்னொருவன் கையில் தள்ளுபவன் யாரென்பதற்கு அகராதியில் சொல் தேடிப் பார்த்தேன்.

பாட்டனார் திண்ணையில் இருந்து இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பதாண்டுக் காலம் பருத்தி அரவை ஆலையில் வேலை பார்த்தவர். கருங்கண்ணிப் பஞ்சை இரு கைவிரல்களால் இழுத்துப் பார்த்து இழையின் நீளத்தைச் சொல்லிவிடுவார். தாளைக் கேட்டு வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்தார்; ஓரத்தில் நகத்தால் கீறி நார் எடுத்தார். "இதுல பஞ்சு இல்லடா" என்று திருப்பித் தந்துவிட்டார். நம் நாட்டுப் பணத்தாள் மரக்கூழால் செய்யப்படுவதன்று, பருத்தியால் செய்யப்படுவது என்பதை அவருக்கு எவரும் கற்பித்ததில்லை. அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

ஆயினும் எனக்கு அமைதி உண்டாகவில்லை. பள்ளித்தோழன் ஒருவனின் தந்தையார் சிவகாசியில் அச்சுக்கூடமொன்றில் பணிபுரிகின்றார். கோடை விடுமுறையில் அங்குச் சென்றேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றை முதலில் ஒரு தீப்பெட்டி வில்லைமேல் வைத்துக் காட்டினார். நீலம், செம்மை, மஞ்சள், கருமையாகிய புள்ளிகள் பூக்கோலம்போல் நெருங்கியிருந்தன. அதே கண்ணாடியை மன்னர் முகத்தின்மேல் வைத்தார். அங்கும் அவையே. செதுக்கிய தகட்டில் அடித்த பணத்தாளில் முகம் கோடுகளால் ஆகியிருக்கும்; மை மேலெழுந்து விரலில் தட்டும். எங்கள் மன்னரோ தீப்பெட்டி வில்லையின் உடன்பிறப்பாயிருந்தார். மடிப்பில் அழுக்கிற்கு மாறாக வெண்மை தோன்றிற்று. உண்மையாய் முதிர்ந்த தாளில் மடிப்பே கறுத்திருக்கும். தேயிலை நீரில் தோய்த்துப் பின்பு மடித்ததில் நிறம் உதிர்ந்து உள்வெண்மை தெரியும் என்றார். கடைக்காரர் பணம் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்தபோது தாள் முழுவதும் வெளுத்த நீலமாய் ஒளிவிட்டது. பள்ளிக் குறிப்பேட்டுக் காகிதத்தையும் பக்கத்தில் பிடித்தோம். அதுவும் அவ்வாறே ஒளிவிட்டது. காகிதத்தை இவ்வாறு வெண்மையூட்டும் மருந்து 1938இல் செய்த தாளில் இருத்தற்கு வழியில்லை.

இவற்றையெல்லாம் காண்பதற்குக் கருவி வேண்டும். கருவியே வேண்டாத சான்று என் கதையிலேயே இருந்ததென்பதைக் கல்லூரிக்கு வந்து நூலகத்தில் படித்தபோதுதான் அறிந்தேன். ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் முதல் நாளில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் ஆளுநர் ஆஸ்பர்ன் ஸ்மித் ஒரு தாளிலும் கையொப்பமிடாமலே பதவி விலகினார். வங்கியின் முதல் தாளாகிய ஐந்து ரூபாய் 1938 ஜனவரியில், ஜேம்ஸ் டெய்லரின் கையொப்பத்தோடு வந்தது. ஆயிரம் ரூபாய் அவ்வாண்டு ஜூன் திங்களில் வந்தது. என் கதையில் துரை அதனை 1937இல் கொடுத்துவிட்டார்! மேலும், மலாய்நாட்டில் வழங்கியது ரூபாயன்று. அங்குள்ள தமிழர் வெள்ளி என்று சொல்லும் டாலர். பர்மா என்று எழுதியிருந்தாலாவது ரூபாய்க்கு இடமிருந்திருக்கும். யான் மெய்ம்மைக்குச் சான்றென்று காட்டிய வெள்ளிக் கோடோ எல்லாவற்றினும் கொடிது. உலகப் போரின்போது ஜப்பானியர் நம் தாள்களை மிகத் திறமையாகப் போலி செய்தமையால், மன்னரின் பக்கமுகத்தை மாற்றி நேர்முகமாக்கி, தாளினுள் காப்பிழையையும் முதன்முறையாகச் சேர்த்தனர். பக்கமுகம் பொறித்த 1938ஆம் ஆண்டுத் தாளில் அவ்விழை எங்ஙனம் வரும்? போலி செய்தவன் இக்காலத்துத் தாளைப் பார்த்து, கோடு இருந்தால்தான் மக்கள் நம்புவர் என்று வரைந்திருக்கின்றான். அவன் கணக்கும் தவறவில்லை, யான் நம்பினேனே.

ஆயிரம் ரூபாய்த் தாள் 1946 ஜனவரியில் ஐந்நூறு, பதினாயிரம் ஆகியவற்றோடு செல்லாததாக்கப்பட்டது. 2016 நவம்பரில் வரிசையில் நின்ற நமக்கு அஃது எத்தகையதென்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் உண்மைத் தாள்கள் அரியனவாயின. ஆகவே கதையனைத்தும் பொய்யென்றும் தள்ளிவிட முடியாது. 1918 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து பம்பாய் நோக்கி வந்த ஷிராலா என்னும் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. அதிலிருந்த இந்தியப் பணத்தாள்கள் கையொப்பமிடப்பெறாமலே கட்டுக்கட்டாய்க் கரையொதுங்கின. பெரும்பாலானவை அழிக்கப்பட்டன, தப்பிய பத்து ரூபாய்த் தாள்கள் இரண்டு 2024இல் இலண்டனில் ஏலத்திற்கு வந்தன. எங்கள் தரகர் இக்கதையைச் சொல்லியிருந்தால் யான் நகைத்திருப்பேன். மெய் சில வேளைகளில் பொய்யினும் நம்பத் தகாததாய் இருக்கின்றது. தாளையும் பதிவையும் நோக்கியே துணிதல் வேண்டும்.

இப்பொழுது தேநீர்க் கடையும் வேண்டுவதில்லை. உழுபொறி பொறித்த ஐந்து ரூபாய்க்கும் 786 என்று முடியும் எண்ணுக்கும் இலட்சம் தருவோம் என்று கைப்பேசியிலேயே அழைக்கின்றனர். வரியென்றும் தரகென்றும் முன்பணம் கேட்பர். அதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்லுவர். அவ்வங்கி 2021 ஆகஸ்டில், இத்தகைய வாணிகத்தில் தனக்குத் தொடர்பில்லை, கட்டணம் எதுவும் தான் கேட்பதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்முதியவரைக் காணச் சென்றேன். ஈராண்டாக அஞ்சி அஞ்சித் தள்ளிவைத்திருந்தேன். சித்தப்பா மூவாயிரம் கொடுத்தார். விடுதிக்கருகே சிறுவர்க்குப் பாடம் சொல்லிச் சேர்த்த இரண்டாயிரம் என்னிடம் இருந்தது. யான் சொல்லியதை அவர் இடைமறியாது கேட்டார்.

"தாள் பொய் என்று அடுத்த வாரமே தெரிந்துகொண்டேன், தம்பி. மலாய்நாட்டில் ரூபாய் ஏது?" என்றார்.

"பின் ஏன் ஐயா ஒருவரிடமும் சொல்லவில்லை?"

"யாரிடம் சொல்ல? எழுபது வயதில் ஏமாந்துபோனேன் என்று என் மகனிடமா?"

எழுந்து சென்று தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தார். வாழைமரம் பொறித்த பத்து டாலர். போர்க்காலத்தில் ஜப்பானியர் மலாய்நாட்டில் அச்சிட்டது. வரிசையெண்ணே இல்லை, எம் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறி மட்டும் உண்டு. 1945இல் ஆங்கிலேயர் திரும்பியதும் ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று. அவருடைய பெரியப்பா அந்நாட்டுத் தோட்டத்தில் வேலை செய்தவராம். சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆயிரமாயிரம் தமிழருள் ஒருவராய்ப் போனவர் திரும்பவில்லை. அவர் தோழர் ஒருவர் போர் முடிந்தபின் கொணர்ந்து கொடுத்தது அத்தாள் ஒன்றே.

"உன் கதையில் ஒருவன் திரும்பி வந்தான். குலுக்கைக்கு அடியில் புதைத்தும் வைத்தான். அதற்குத்தான் பணம் கொடுத்தேன்" என்றார்.

யான் யாதும் மறுமொழி கூற இயலாது தரையை நோக்கியிருந்தேன். அவர் ஐயாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். கள்ளத் தாளை மட்டும் தர மறுத்துவிட்டார். "கொடுத்தால் உன் சித்தப்பாவுக்கு மறுபடி ஆசை வரும். என்னோடு இருக்கட்டும்" என்றார். சித்தப்பாவிடம் இருந்த இரண்டாவது தாளைப் பாட்டனார் அடுப்பிலிட்டதைச் சொன்னேன், மகிழ்ந்தார்.

விடைபெறும்போது யான் எழுதிய பக்கத்தை மடித்துக் கையில் தந்தார். பேருந்தில் அமர்ந்து விரித்துப் பார்த்தேன். மூன்றிடங்களில் ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். இன்னும் நாலாயிரம் ரூபாய் நிற்கின்றது. ஈஸ்டர் விடுமுறையில் ஒரு பகுதியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கின்றேன்.